மெக்ஸிகோ சமையல் என்றால் சீஸும் சிப்ஸும் மட்டுமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அயல்நாட்டு உணவுகளைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தாலி, ஜப்பான், தாய்லாந்து ஆகிய நாடுகளின் சமையலுக்கு உரிய இடம் தந்த அக்கட்டுரை, மெக்ஸிகோவுக்கு வந்தபோது மட்டும், உருகிய சீஸும் புளிப்புக் கிரீமும் மொறுமொறுப்பான சிப்ஸும் பீன்ஸும் சேர்ந்த கலவை என்று நான்கே வரிகளில் முடித்துக்கொண்டது. குறைந்த செலவில் வயிற்றை நிரப்பிக்கொள்ள ஏற்ற உணவு என்ற கருத்தையும் போகிற போக்கில் சொல்லியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாநகருக்கு அருகிலுள்ள செரிட்டோஸில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர் என்ற முறையிலும், மெக்ஸிகோ மக்களின் அடுப்படிச் சமையலை அருகிலிருந்து பார்த்தும் உண்டும் வருபவர் என்ற முறையிலும், இந்த இரண்டு கருத்துகளும் சரியல்ல என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் விவரித்திருக்கும் உணவு இல்லாத ஒன்றன்று. டெக்சாஸ் மாநிலத்தில் எல்லையோர மக்களிடையே உருவாகி, பிறகு பெரிய சங்கிலித்தொடர் உணவகங்களின் வழியாக உலகெங்கும் பரவிய ஒரு பிரிவு அது. அதற்கும் தனி வரலாறு உண்டு. அதை விரும்பி உண்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால், ஒரு நாட்டின் சமையலை அந்த ஒரு கிளையைக் கொண்டு எடை போட்டால், அந்நாட்டு வீடுகளில் நாள்தோறும் அடுப்பில் கொதிப்பது என்னவென்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும். அதைத் தெரிந்துகொள்ள மெக்ஸிகோவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வரும் எவரும் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

நகரின் மையத்திலிருந்து ஆற்றைத் தாண்டிக் கிழக்கே சென்றால் பாயில் ஹைட்ஸ் என்னும் பகுதி வரும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யூதர்களும் ஜப்பானியர்களும் மெக்ஸிகோ மக்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்த இடம் அது. இன்று அங்கே பெரும்பான்மையாக இருப்பவர்கள் மெக்ஸிகோ வழிவந்தோர். புரூக்ளின் அவென்யூ என்று முன்பு வழங்கிய அதன் முதன்மைச் சாலைக்கு, பண்ணைத் தொழிலாளர்களுக்காகப் போராடிய சீசர் சாவேஸ் மறைந்த மறு ஆண்டான 1994இல் அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்தச் சாலையில்தான் 2010ஆம் ஆண்டு ஒரு தந்தையும் மகனுமாகச் சேர்ந்து ‘கிசாடோஸ்’ என்ற சிறிய உணவகத்தைத் தொடங்கினார்கள். இப்போது நகரின் வேறு பகுதிகளிலும் அதற்குக் கிளைகள் இருக்கின்றன. ஆனாலும், முதல்முறை செல்கிறவர்கள் பாயில் ஹைட்ஸ் கடைக்கே போக வேண்டும் என்பது என் கருத்து. சுற்றிலும் ரொட்டிக் கடைகளும் இறைச்சிக் கடைகளும் இசைக் கலைஞர்கள் கூடும் மரியாச்சி சதுக்கமும் இருக்கும் அந்தச் சூழலில் உண்ணும்போதுதான் அந்த உணவு யாருக்காகச் சமைக்கப்படுகிறது என்பது விளங்கும்.

கிசாடோ என்பது நிதானமாகக் குழம்பில் வேகவைத்த கறி. கோழி, மாடு, பன்றி, காய்கறி, காளான் என எதுவாகவும் இருக்கலாம். மெக்ஸிகோ நகரத்தின் தெருமுனைகளில் காலை முதல் நண்பகல் வரை வரிசையாக மண்சட்டிகளை அடுக்கிவைத்து, கேட்பவருக்குக் கேட்ட சட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளி, மக்காச்சோள ரொட்டியின் மேல் வைத்துக் கொடுக்கும் கடைகள் ஏராளம். அலுவலகத்துக்குப் போகிறவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் நின்றபடியே உண்டுவிட்டுக் கிளம்புவார்கள். வீட்டில் அம்மா வைத்த குழம்பு தெருவுக்கு வந்த வடிவம் என்று அதைச் சொல்லலாம். தணலில் சுட்ட இறைச்சியை நறுக்கி, சோள ரொட்டியில் வைத்துத் தரும் டாக்கோக் கடைகள் வெளிநாட்டவருக்கு எளிதில் கண்ணில் படும்; புகையும் மணமும் அழைத்துவிடும். குழம்புச் சட்டிகள் அப்படி யாரையும் அழைப்பதில்லை. அதனாலேயே அவற்றுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் வெளியே கிடைக்காமல் போயிற்றோ என்னவோ.

கிசாடோஸ் கடையில் பகட்டு எதுவும் இல்லை. முகப்பில் நின்று, சுவரிலுள்ள பலகையைப் படித்து, வேண்டியதைச் சொல்லிவிட்டு இடம் பார்த்து உட்கார வேண்டியதுதான். எதை வாங்குவது என்று தெரியாதவர்களுக்காக, ஆறு வகைக் குழம்புகளை ஆறு சிறிய ரொட்டிகளில் வைத்து ஒரே தட்டில் தருகிறார்கள். புதியவர்கள் தயங்காமல் அதையே கேட்கலாம். பெரிய அளவில் ஒன்றை வாங்கி அதிலேயே வயிறு நிறைந்துவிட்டால், மற்ற ஐந்தின் வேறுபாடு தெரியாமலே திரும்ப நேரிடும்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றேன். திண்டுக்கல்லில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்தவர் அவர்; வெளியூர்ச் சாப்பாட்டை எளிதில் ஏற்க மாட்டார். தட்டிலிருந்த ஆறில் கறுத்த நிறமுள்ள ஒன்றை எடுத்துச் சுவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “எள்ளை வறுத்து அரைச்சிருக்காங்கம்மா, கூடவே ஏதோ தித்திப்பும் சேர்த்திருக்காங்க” என்றார். அவர் சொன்னது சரிதான். அது ‘மோலே போப்லானோ’. பியூப்லா என்னும் நகரத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் குழம்பில் ஆஞ்சோ, முலாத்தோ, பசியா என்ற மூன்று வகைக் காய்ந்த மிளகாய்களோடு எள், பாதாம், வேர்க்கடலை, உலர்ந்த திராட்சை, பட்டை, கிராம்பு, சிறிதளவு சாக்லேட் ஆகியவற்றையும் சேர்ப்பது வழக்கம். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக வறுத்து, அரைத்து, அந்த விழுதைக் கொழுப்பில் வதக்கி, பிறகு சாறு ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். சாக்லேட் என்றதும் இனிப்புப் பண்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். காரமும் கசப்பும் புகையும் கலந்த அந்தச் சுவைக்கு அது அடித்தளமாக இருக்குமே தவிர முன்னே வந்து நிற்காது.

அதே தட்டில் யுகட்டான் தீபகற்பத்தின் ‘கொச்சினீட்டா பிபில்’ இருந்தது. அச்சியோட்டே என்ற செந்நிற விதையின் விழுதையும் நாரத்தையை ஒத்த புளிப்பு ஆரஞ்சின் சாற்றையும் தடவி ஊறவைத்த பன்றி இறைச்சி அது. மரபுப்படி, அதை வாழை இலையில் பொதிந்து, மண்ணுக்கடியில் தோண்டிய அடுப்பில் வைத்து மூடி, மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். கையால் தொட்டாலே நார் நாராகப் பிரியும் அந்த இறைச்சியின் மேல் புளிப்பில் ஊறிய இளஞ்சிவப்பு வெங்காயத்தை வைத்துத் தருகிறார்கள். ‘திங்கா’ எனப்படும் கோழிக்கறியில் சிப்போட்லேயின் புகைமணம் முன்னே நிற்கும். புகையூட்டிக் காயவைத்த ஹலபேன்யோ மிளகாய்தான் சிப்போட்லே. சிவப்புச் சாற்றில் வெந்த மாட்டிறைச்சி, பச்சை மிளகாய்ச் சாற்றில் வெந்த பன்றித் துண்டு என மற்றவை ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் போகின்றன. காரம் பொறுப்பவர் என்று தம்மை நம்புகிறவர்கள், கல்லில் வாட்டிய பலவகை மிளகாய்களையே கறியாக வைத்துத் தரும் ‘சீலே தொரியாதோ’வையும் கேட்டுப் பார்க்கலாம். அதில் ஹபனேரோ என்ற மிகக் காரமான மிளகாய் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

இந்தக் குழம்புகளுக்கு ஏன் இத்தனை நேரம் பிடிக்கிறது என்பதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது தொட்டிருக்கலாம். தோள்பட்டை, முழங்கால், கன்னம் போல விலங்கு அதிகம் உழைக்கப் பயன்படுத்தும் பகுதிகளில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு மிகுதி. அடுப்பில் அவசரப்படுத்தினால் அப்பகுதிகள் ரப்பர் போல இறுகிவிடும். சுமார் 70 பாகை செல்சியஸுக்கு மேல், ஈரத்தோடு, சிறு தீயில் பல மணி நேரம் இருந்தால்தான் அந்தத் திசு ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கு வழவழப்பையும் கனத்தையும் தரும். வசதி படைத்தவர்கள் ஒதுக்கிய துண்டுகளை ஏழைக் குடும்பங்கள் வாங்கிப் பொறுமையோடு சுவையாக்கிய கதை எல்லா நாட்டிலும் உண்டு. மெக்ஸிகோவில் அந்தப் பொறுமையோடு மிளகாயைப் பற்றிய ஆழ்ந்த அறிவும் சேர்ந்துகொண்டது. காய்ந்த மிளகாயைக் காம்பும் விதையும் நீக்கி, கருகிவிடாமல் கல்லில் புரட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, அந்த விழுதை நிறம் மாறிக் கொழுப்பு பிரிந்து வரும்வரை வதக்குகிறார்கள். ஒரு நொடி கூடுதலாகக் கல்லில் இருந்துவிட்டாலும் குழம்பு முழுவதும் கசந்துபோகும். இது நம் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரிந்த பக்குவம்தான்.

தெரிந்திருப்பதில் வியப்பில்லை. மிளகாய் முதன்முதலில் பயிராகப் பழக்கப்பட்ட மண்ணே மெக்ஸிகோதான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலேறி அது நம் கரைக்கு வந்து சேரும்வரை தமிழர் காரத்துக்கு மிளகையும் இஞ்சியையுமே நம்பியிருந்தனர். தக்காளியைப் பயிராக்கியவர்களும் அந்நாட்டு மக்களே. இன்றைய தமிழ்ச் சமையலறையின் அன்றாடக் குழம்புக்கு இரண்டு முதன்மைப் பொருள்களைத் தந்த நாட்டின் சமையலை நம் நாளிதழ் நான்கு வரியில் ஒதுக்கும்போது, அது என் போன்றவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

குழம்பைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், அதைத் தாங்கும் ரொட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கேட்ட பிறகுதான் ரொட்டி தட்டுகிறார்கள். எலுமிச்சை அளவு மாவை உருட்டி, அச்சில் வைத்து ஒரு அழுத்து அழுத்திச் சூடான கல்லில் போடுகிறார்கள். ஓரம் உலர்ந்ததும் திருப்புகிறார்கள். மீண்டும் திருப்பும்போது நடுவில் சற்றே உப்பி எழுகிறது. கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் மெல்லிய டோர்டியா என்னும் ரொட்டியைப் பழகியவர்களுக்கு இது தடிப்பாகத் தெரியும். சாறு மிகுந்த குழம்பைத் தாங்க அந்தத் தடிப்பு வேண்டும். மெல்லிய ரொட்டியாக இருந்தால், எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கிழிந்து மடியில் விழும்.

அந்த மாவின் பின்னால் இருக்கும் வேலை நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப்புல் ஒன்றிலிருந்து மக்காச்சோளத்தைப் பயிராக்கியவர்கள் தென்மேற்கு மெக்ஸிகோவின் மக்கள். பிற்காலத்தில், காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் கழுவித் தோல் நீக்கி அரைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நிக்ஸ்டமால் என்ற இந்த முறை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வழக்கத்தில் இருக்கிறது. சுண்ணாம்பு சேராத சோள மாவை எவ்வளவு பிசைந்தாலும் ஒட்டி உருளாது. அதோடு, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற ஊட்டச்சத்து சுண்ணாம்பினால் விடுபட்டு உடலில் சேர்கிறது, கால்சியமும் கூடுகிறது. ஐரோப்பியர் சோளத்தைத் தங்கள் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவாக இத்தாலியிலும் ஸ்பெயினிலும், பின்னர் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெல்லாக்ரா என்ற கொடிய நோய்க்கு ஆளானார்கள். 1914இல் அமெரிக்க அரசு அனுப்பிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் இது தொற்றுநோயன்று, உணவுக் குறைபாடு என்று நிறுவ முயன்றபோது பலரும் நம்ப மறுத்தனர். நியாசின்தான் அந்தக் குறை என்பது 1937இல்தான் தெரிய வந்தது. மெக்ஸிகோவின் பாட்டிமார்கள் காலங்காலமாகக் காத்து வந்த பக்குவத்தின் அருமையை அறிவியல் இவ்வளவு தாமதமாகவே கண்டுகொண்டது. அதனால்தான், அந்தத் தடித்த ரொட்டியைக் கையில் எடுக்கும்போது எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை தோன்றுகிறது.

கிசாடோஸ் ஒரு கடை மட்டுமே. நிதானமாக வேகும் இறைச்சி வகைகளோ மெக்ஸிகோவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஹலிஸ்கோ மாநிலத்தின் பிர்ரியா வெள்ளாட்டுக் கறி. ஸ்பானியர் கொண்டுவந்த ஆடுகளை, காய்ந்த மிளகாய், வினிகர், சீரகம், கிராம்பு சேர்ந்த விழுதில் ஊறவைத்து, பாத்திரத்தின் வாயை மாவால் அடைத்து வேகவைப்பார்கள். எல்லை நகரான டிஹுவானாவில் அது மாட்டிறைச்சிக்கு மாறி, 2010களின் பிற்பாதியில் லாஸ் ஏஞ்சலஸின் வண்டிக் கடைகளில் பெரிய அலையாக எழுந்தது. ரொட்டியைக் குழம்பின் மேலாக மிதக்கும் சிவந்த கொழுப்பில் தோய்த்துக் கல்லில் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சாறும் தருவார்கள். ஹிடால்கோவின் பார்பகோவா, கற்றாழையைப் போன்ற மகேய் இலைகளில் பொதிந்து குழியில் வேகும் ஆட்டிறைச்சி. சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு உண்பது. மிச்சோவகானில் பெரிய செப்புக் கொப்பரைகளில் பன்றிக்கொழுப்பிலேயே மெல்ல வேகும் கார்னிட்டாஸ். இவற்றில் எதிலும் மஞ்சள் சீஸைத் தேடினாலும் கிடைக்காது.

இனி விலைக்கு வருகிறேன், ஏனெனில் என்னை மிகவும் உறுத்திய சொற்றொடர் அதுதான். தெருவில் கிடைக்கும் மெக்ஸிகோ உணவு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவிலும் வேரூன்றிக் கிடக்கிறது. இத்தாலிய உணவகத்தில் ஒரு தட்டு பாஸ்டாவுக்கு இருபத்தைந்து டாலர் தயங்காமல் கொடுப்பவர்கள், டாக்கோவின் விலை அரை டாலர் ஏறினால் முணுமுணுக்கிறார்கள். நம்மவர்களே அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல்நாள் இரவே சோளம் ஊறவேண்டும், விடியற்காலையில் இறைச்சி அடுப்பேற வேண்டும், நண்பகலில் ஒருவர் இடைவிடாமல் ரொட்டி தட்டிக்கொண்டிருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 2025 ஜூலையில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.87 டாலராக உயர்ந்தது. அந்த ஊதியம் சரியானதே. அதைக் கொண்டு இந்நகரில் வாடகை கொடுப்பதே கடினம். இத்தனை கைகளின் உழைப்புக்கும் கொதித்த நேரத்துக்கும் விலை போடாமல், எந்த நாட்டுக்காரர் சமைத்தார் என்பதைப் பார்த்து விலை போடுவது நியாயமாகாது. வெளிநாடுகளில் நம் இட்லியையும் தோசையையும் பற்றி இதே பேச்சு எழும்போது நமக்கு வலிக்கிறதல்லவா?

உணவைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர்களுக்கு இதில் பெரும் பொறுப்பு உண்டு என்பதற்கு இந்நகரமே சான்று. ஜோனத்தன் கோல்ட் என்ற விமர்சகர் பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு, புறநகர்க் கடைத்தொகுதிகளிலும் வண்டிகளிலும் தேடித் தேடி உண்டு, அந்தச் சமையல்காரர்களின் ஊரையும் முறையையும் விசாரித்து எழுதினார். 2007இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் உணவக விமர்சகர் அவர்தான். 2018இல் அவர் மறைந்தபோது துயருற்றவர்களில் பெரும்பாலோர் சிறு கடைக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. யுனெஸ்கோ அமைப்பும் 2010இல் மெக்ஸிகோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 2024இல் மெக்ஸிகோ நகரிலுள்ள ‘எல் கலீஃபா தெ லியோன்’ என்ற மிகச் சிறிய டாக்கோக் கடைக்கு, உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிச்செலின் வழிகாட்டி ஒரு நட்சத்திரம் வழங்கியது. அங்கே கிடைப்பது கல்லில் வாட்டிய இறைச்சி, குழம்பன்று. ஆயினும், இவ்வளவு சிறிய கடையையும் மதிப்பிட வேண்டும் என்று அந்த வழிகாட்டியே ஏற்றுக்கொண்டதை இங்கு குறிப்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2025 ஜூன் மாதத்தில் குடியேற்றத் துறையினர் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய சோதனைகளால் பாயில் ஹைட்ஸ் போன்ற பகுதிகள் வெறிச்சோடின. தள்ளுவண்டிகள் காணாமற்போயின, உணவகங்களில் சமைப்பவர்களும் உண்பவர்களும் வெளியே வரவே அஞ்சினார்கள். நகர மையத்தில் ஊரடங்கும் போடப்பட்டது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சில அந்நாட்களில் வேண்டுமென்றே அங்கே சென்று உண்டுவந்தோம். நாங்கள் செய்தது மிகச் சிறியது. ஆனால் ஒரு வட்டாரத்தின் சமையல் என்பது அதைச் சமைக்கும் மனிதர்கள் அச்சமின்றிக் கடைதிறக்க முடிகிற வரையில்தான் நிலைக்கும் என்பதை அப்போதுதான் கண்கூடாகக் கண்டோம். உணவைப் பற்றி எழுதும்போது அந்த மனிதர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

ஆகவே, தங்கள் ஞாயிறு இணைப்பில் மெக்ஸிகோவின் குழம்பு வகைகளுக்கும் நிக்ஸ்டமால் முறைக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, விவரமறிந்தவர்களைக் கொண்டு எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளைப் பார்க்கத் தமிழகத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு வரும் பெற்றோர்கள் தங்கள் நாளிதழை இணையத்தில் நாள்தோறும் படிக்கிறார்கள். இங்கே வந்த பிறகு, வெளியே எங்கு அழைத்தாலும் தயிர்சாதமே போதும் என்கிற அவர்களுக்கு, தங்கள் நாவுக்குப் பழகிய மிளகாயும் எள்ளும் சீரகமும் இருக்கிற சமையல் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைத் தங்கள் பத்திரிகை சொன்னால் நம்புவார்கள்.

அப்படி எழுதும்போது சில குறிப்புகளையும் சேர்த்தால் உதவியாக இருக்கும். மாடும் பன்றியும் உண்ணாதவர்கள் கோழிதானே என்று எண்ணித் திங்காவைக் கேட்டுவிடக் கூடாது. அதில் சொரிசோ என்ற பன்றி இறைச்சியைச் சேர்ப்பது பல கடைகளில் வழக்கம். சைவ உணவுக்காரர்களுக்குச் சுரை இனத்துக் காய்களை வதக்கிய கலபாசீத்தாவும் கொத்தமல்லி சேர்த்த காளானும் கிடைக்கும். ஆனால் பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் கடைகள் உண்டு என்பதால், எந்தக் கடையானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். வீட்டுக்குக் கட்டி எடுத்துப்போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால் மணி நேரத்தில் சாறு ரொட்டியில் இறங்கி அது ஊறிப்போய்விடும். கடையிலேயே உட்கார்ந்து, ரொட்டியை விரல்களால் மடித்து, தலையைச் சற்றுச் சாய்த்து, சூடு ஆறுமுன் உண்ண வேண்டும். கையால் உண்பதற்கு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
செரிட்டோஸ், கலிபோர்னியா.